ஷேடு பாஸ்

மூவாயிரத்து நானூறு ரூபாய். ஒரே ஒரு நிறம்.
ஒன்றரை கிராம் என்று
டப்பாவின் அடியில் எறும்பெழுத்து.
பஸ்ஸிலேயே கணக்குப் போட்டுவிட்டேன்,
கிலோ இருபத்திரண்டரை லட்சம்.
எங்கள் டையிங்கில் சிவப்புச் சாயம்
கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினாலே
முதலாளி நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்.

தீபாவளி போனஸ்.
தப்பொன்றும் செய்யவில்லை என்று
அவிநாசி வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.
பூண்டி தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

கோயமுத்தூர் மாலில் அந்தக் கடைப் பெண்
என் புறங்கையில் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.
அந்த வெளிச்சத்தில் எதுவும் அழகுதான்,
என் நகக்கண்ணில் ஏறிப்போன நீலம்கூட.
"கிப்ட்டுங்களா மேடம்?"
ஆமாம் என்றேன்.

மூடினால் 'டிக்' என்கிறது.
பையர் வந்திறங்கும் காரின் கதவுக்குத்தான்
இந்தச் சத்தம் உண்டு.
பத்துத் தடவை திறந்து மூடினேன்.
அதிலேயே ஐந்நூறு ரூபாய் கழிந்தது.

நிறம் பார்ப்பது என் வேலை.
பதினோரு வருசமாய்,
ஜெர்மனிக்காரன் அனுப்பும் விரலகலத் துண்டுக்கு
எங்கள் துணி ஒத்துப்போகிறதா என்று
சொல்பவள் நான்.
ஒரு நூல் நீலம் கூடினாலும் எனக்குத் தெரியும்.
போன வாரம் நானூறு கிலோ திருப்பி அனுப்பினேன்,
டையிங் மாஸ்டர் குழந்தைவேலு
ரெண்டு நாள் என் முகத்தில் முழிக்கவில்லை.

ஆனால் இது என்ன நிறம்?
பெயர் பிரெஞ்சில் இருக்கிறது, உதவாது.
காரியுமில்லை, மயிலையுமில்லை.
காங்கேயத்துக் காளைக்குத் திமிலில்
வெள்ளை கருக்கத் தொடங்கும் இடம்,
அதன்மேல் யாரோ
செம்பைப் பொடித்து ஊதிவிட்ட மாதிரி.

காலையில் மோதிர விரலால் எடுத்தேன்.
தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டுமாம்.
இடது இமையில் ஒற்றினேன்.
வாடகை வீட்டு டியூப்லைட்டில்
வெறும் சாம்பல்.
வாசல் வெயிலுக்கு வந்தால் செம்பு.
பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் கண்ணாடியில்
வெங்காயத் தோல்.
ஒரு சரக்கு மூன்று வெளிச்சத்தில் மூன்று நிறம் காட்டினால்
எங்கள் ரிஜிஸ்டரில் அதற்கு ஒரே வார்த்தை:
ஃபெயில்.

வலது இமைக்கு நேரமில்லை.
கம்பெனி வேன் ஹாரன் அடித்துவிட்டது.

மத்தியானம், எல்லோரும் சாப்பிடும்போது
லைட் பாக்ஸுக்குள் தலையை விட்டேன்.
உள்ளே மூன்று பக்கமும் சாம்பல் பெயின்ட்.
துணி வைக்கும் இடத்தில் என் தாடை.
"ஏனுங்க்கா, கிறுக்குப் புடிச்சிருச்சா?"
சுருமா இட்ட கண்ணை உருட்டினாள் ஷமீம்.
"ஸ்விட்சைப் போடு கண்ணு."
"அப்ப கண்ணை மூடுங்க. மூடுனாத்தான தெரியும்?"

மூடினேன்.
அப்போதுதான் உறைத்தது.
பதினோரு வருசத்தில் முதல் தடவையாக
என்னால் பார்க்க முடியாத ஒரு ஷேடு.
கண் திறந்தால் மடிப்புக்குள் ஓடிவிடுகிறது,
மூடினால்
நான் அங்கே இல்லை.

டக். பகல் வெளிச்சம்.
டக். சீமைக் கடை வெளிச்சம்.
டக். வீட்டு மஞ்சள் பல்பு.
இமைக்குப் பின்னால் எனக்குச்
சிவப்பு மட்டும் கூடிக் குறைந்தது.
ஷமீம் ஒன்றும் சொல்லவில்லை.
கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கிறது.
எங்கோ ஒரு தயிர் டப்பா மூடி திறக்கிறது.

"என்ன, ஃபெயிலா?"
"இருங்க. இன்னொருக்கா போடறேன்."

டக்.

டக்.

கதவுப் பக்கம் குழந்தைவேலுவின் செருப்புச் சத்தம்.
"நாலாவது லாட் வந்திருச்சுங்க, பாத்துச்..."
பாதியில் நின்றது குரல்.

"சித்தெ இருங்க மாஸ்டர்" என்றாள் ஷமீம்,
"ஒரு ஷேடு பாத்துட்டிருக்கறமுங்க."